பொய்க்காதலுக்குப் பூ வைக்க வந்தவங்க

என் வாசகிங்க மேல எனக்குக் கோவமே வராது, ஒரே ஒரு விஷயத்தத் தவிர. நான் மொபைல்ல தொடர்கதை எழுதறவ. ஒவ்வொரு கதை முடியும்போதும் கீழ அந்த கமெண்ட் வந்து நிக்கும். "அக்கா, அடுத்தது ஃபேக் டேட்டிங் கதை எழுதுங்க அக்கா, ப்ளீஸ்." கூடவே நாலு சிவப்பு ஹார்ட்டு. ஹீரோவும் ஹீரோயினும் ஊர ஏமாத்தறதுக்கு லவ் பண்ற மாதிரி நடிப்பாங்களாம். பத்தாவது எபிசோடுல மழை வருமாம், ஒரே குடையாம். இருபதாவதுல நெஜமாவே லவ் வந்துடுமாம்.

ஐயோ சாமி, எழுத மாட்டேன். ஏன் எழுத மாட்டேன்னு இங்க ஒரே ஒரு தடவ சொல்லித் தொலைச்சிடறேன், அதுக்கப்புறம் யாரும் கேக்காதீங்க. நான் அதைச் செஞ்சு பாத்தவ. மழையும் வந்துச்சு. குடை அவன்கிட்ட இருந்துச்சு. அவன் மட்டும் புடிச்சிக்கினு போயிட்டான்.

அப்ப நான் விழுப்புரத்துல காலேஜ் ரெண்டாவது வருஷம், கணக்கு. வீடு பிரம்மதேசத்துக்குப் பக்கத்துல. காலையில டவுன் பஸ்ஸுல திண்டிவனம், அங்கேருந்து இன்னொரு பஸ்ஸுல விழுப்புரம். சாயந்திரம் அதே வழியில திரும்பணும். அந்த சாயந்திர பஸ்ஸுலதான் ஒருத்தன் என் பின்னாடி வர ஆரம்பிச்சான். நான் உக்காந்தா சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கினு மேல சாய்ஞ்சு நிப்பான். நான் நின்னா பின்னாடி வந்து நிப்பான். ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். வீட்டுல சொல்ல முடியாது. சொன்னா அவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க, என்னைத்தான் காலேஜ விட்டு நிறுத்துவாங்க. இந்த நியாயத்த நெனைச்சா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது.

ஒரு நாள் புது பஸ் ஸ்டாண்டுல நேரா என் முன்னாடி வந்து நின்னான். "நம்பர் குடு. இல்லன்னா உங்க ஊருக்கே வந்து உங்கப்பாகிட்ட கேக்கறேன்"ன்னான். சுத்திப் பாத்தேன். டீக்கடை ஓரமா என் மாமா பையன் நின்னு சமோசா தின்னுக்கினு இருந்தான். எங்கம்மாவோட கூடப் பொறந்த அண்ணன் மவன், என்னை விட மூணே மாசம் பெரியவன். பக்கத்துல ஒரு செல்போன் ரிப்பேர் கடையில வேலை செய்யறான்னு தெரியும். ஆனா நாங்க பேசி ஆறு வருஷம் ஆயிருந்துச்சு.

ஆறு வருஷமாவது அறுபது வருஷமாவது. நேரா போயி சட்டையப் புடிச்சி இழுத்தாந்து நிறுத்தினேன். "இவருதான் என் மாமா பையன். எங்களுக்கு வீட்டுல பேசி முடிச்சிட்டாங்க. இனிமே எதுவா இருந்தாலும் இவருகிட்ட பேசு"ன்னேன்.

மாமா பையன் வாயில பாதி சமோசா. மெதுவா முழுங்கினான். என்னைப் பாத்தான், அந்த ஆளப் பாத்தான். "ஆமா. என்ன ப்ரோ, எதனா வேணுமா?"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் அப்புறம் எந்தத் தப்பு பண்ணாலும் மன்னிக்கலாம். பண்ணவும் பண்ணான்.

எங்க பக்கத்துல பின்னாடி வர்றவன வெரட்டறதுக்கு பொண்ணுங்க சொல்ற பதிலே இதுதான். எனக்கு மாமன் மவன் இருக்கான். மாமன் மவன்னா கட்டிக்கற முறை, அதுக்கு மேல எவனும் வாயத் தொறக்க மாட்டான். நான் பண்ண தப்பும் இதுதான். கதையில வர்ற பொண்ணுங்க எவனோ ஒருத்தனப் புடிச்சி நடிக்கறாங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா அடிப்பாங்க, கத்துவாங்க, அதோட முடிஞ்சிடும். நான் கட்டிக்கற முறையில இருக்கறவனப் புடிச்சேன். அதுக்கு எவன் எதிர்ப்பு சொல்லுவான்?

அவன் "நாளைக்கும் வருவானே, பேஜாருதான்"ன்னான். "ஒரு வாரம் சும்மா நடிடா"ன்னேன். தெனம் ஒரு சமோசான்னு பேசிக்கிட்டோம்.

விழுப்புரத்துல சாயந்திர பஸ்ஸுல சீட்டு புடிக்கறது பெரிய கூத்து. பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள திரும்பும்போதே ஜன்னல் வழியா துண்டு, பை, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் உள்ள பறக்கும். எது மொதல்ல விழுதோ சீட்டு அவங்களோடது. உள்ள ஏறினவங்க அத எடுத்துக் கீழ போட மாட்டாங்க. மாமா பையன் தெனம் கடையிலேருந்து ஓடியாந்து அவன் பைய ஜன்னல் வழியா போடுவான். நான் ஏறி உக்காந்து பைய ஜன்னல் வழியாவே திருப்பிக் குடுப்பேன். பஸ்ஸுலயே வராத ஒருத்தன் ஒரு பொண்ணுக்கு தெனம் சீட்டு போடறான்னா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? அதேதான் நெனைச்சாங்க.

பின்னாடி வந்த ஆளு நாலாவது நாளே அந்த பஸ்ஸுல ஏறறத விட்டுட்டான். அதோட நாங்களும் நிறுத்தியிருக்கணும். ஆனா விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டுன்னு திண்டிவனம் வரைக்கும் கால் கடுக்க நின்னுக்கினு போனவளுக்கு ஜன்னலோர சீட்டு கெடைக்குது. விடுவேனா? அவனுக்கும் சமோசா கெடைக்குது. ரெண்டு பேரும் வெக்கமில்லாம மூணு மாசம் இழுத்தோம். என் காதல் கதையில இருந்த ஆசை இவ்ளோதான்.

எங்க தெரு அக்கா ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு அதே பஸ்ஸுல வந்திருக்கு. எனக்கு மூணு சீட்டு பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் பாத்திருக்கு. நான் மறுநாள் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிடுச்சு.

இந்த இடத்துல ஆறு வருஷக் கதைய சொல்லியே ஆவணும். எனக்கு மஞ்ச நீராட்டு விழா வச்சப்ப திண்டிவனத்துல மண்டபம் புடிச்சிருந்தாங்க. எங்க பக்கம் விசேஷம்னா வாசல்ல பேனர் இல்லாம கெடையாது. பெரியப்பா, சித்தப்பா, அவங்க பசங்க கூலிங் கிளாஸோட, கைக்கொழந்த வரைக்கும் எல்லா மூஞ்சியும் அதுல இருந்துச்சு. தாய்மாமன் மூஞ்சி மட்டும் இல்ல. சடங்கே தாய்மாமனோடது, மொதல் சீரே அவரோடது. மேளத்தோட, இருபத்தோரு தட்டோட மண்டப வாசலுக்கு வந்த எங்க மாமா பேனர அண்ணாந்து பாத்தாரு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ பாத்தாரு. தட்ட எல்லாம் திரும்ப வண்டியில ஏத்தச் சொன்னாரு. துண்டத் தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு. பேனர் கடைக்காரன்தான் போட்டோவ விட்டுட்டான்னு சித்தப்பா இன்னிக்கும் சத்தியம் பண்றாரு.

அம்மா அப்ப மேடையில என் பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சு. அண்ணன் திரும்பிப் போறதப் பாத்துச்சு. பொண்ண விட்டுட்டு எப்படி எறங்கி ஓடறதுன்னு அப்படியே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பொங்கச் சீரு வரல, போன் வரல. அம்மாவும் போவல. அம்மா விழுப்புரத்துக்கு எப்ப வந்தாலும் திருவெண்ணெய்நல்லூர் பஸ்ஸு நிக்கற பக்கம் மட்டும் தலையத் திருப்பாது. அது அதோட பொறந்த ஊரு பஸ்ஸு. திரும்பாம நடக்கறப்ப கழுத்து வெறைச்சிக்கினு இருக்கும். எனக்கே பாக்க முடியாது.

சரி, நான் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசல்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கினு இருந்துச்சு.

"உனக்கு ஒருத்தன் சீட்டு போடறானாமே. எங்கண்ணன் மவனா?"

"ம்."

"தெனமுமா?"

"ம்."

அடி விழும்னு பையக்கூட கீழ வைக்காம நின்னேன். அம்மா மடியில இருந்த தொலிய உதறிட்டு எழுந்துச்சு. உள்ள போயி மூஞ்சி கழுவிச்சு, பொட்டு வச்சிச்சு. "அவனும் எங்கண்ணன் மாதிரி வேகமா நடப்பானா?"ன்னு கேட்டுச்சு. ஆறு வருஷத்துல அந்த மனுஷனப் பத்தி எங்கம்மா வாயிலேருந்து வந்த மொத வார்த்தை அது. அதுக்கப்புறம் அது நடிப்பும்மான்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஞாயித்துக்கெழமை பட்டுப் பொடவையக் கட்டிக்கினு, ஒரு பை நெறைய மல்லாட்டை எடுத்துக்கினு, "நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். பசங்களே சேர்ந்துட்டாங்க, பெரியவங்க நமக்கென்ன ரோசம்"ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுக் கெளம்பிடுச்சு. அம்மா சாயந்திரம் திரும்பி வந்தப்ப கையில ஒரு கட்டு கரும்பு. மாமா வெட்டிக் குடுத்தாராம். பஸ் ஏத்திவிட வந்தாராம். பஸ்ஸு கெளம்பற வரைக்கும் ஜன்னலப் புடிச்சிக்கினே நின்னாராம். அத எங்கிட்ட அன்னிக்கே நாலு தடவ சொல்லிச்சு.

அதுக்கப்புறம் வாரா வாரம் போக்குவரத்துதான். போன் வேற. ரெண்டு மாசத்துல, பூ வச்சிடலாம்னு நாள் குறிச்சிட்டாங்க. பொண்ணு தலையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பூ வச்சிட்டாங்கன்னா எங்க ஊருல பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி. எனக்கு சோறு எறங்கல. உண்மையச் சொன்னா அம்மாவுக்கு அண்ணன் மறுபடியும் போயிடுவாரு. சொல்லலன்னா என் தலையில பூ வந்துடும்.

பஸ் ஸ்டாண்டுல மாமா பையனப் புடிச்சி உலுக்கினேன். "நீயாச்சும் உங்கப்பாகிட்ட சொல்லித் தொலையேண்டா."

"எங்கப்பா இப்பல்லாம் பாட்டு பாடிக்கினு குளிக்கறாரு. தெம்பு இருந்தா நீயே வந்து சொல்லு"ன்னான். சொல்லிட்டு என் சமோசாவுலயும் பாதிய எடுத்துத் தின்னான். எரும.

மொதல்ல அம்மாகிட்ட சொல்லிடலாம்னு போனேன். துணி மடிச்சிக்கினு இருந்துச்சு. "அம்மா, நானும் அவனும் லவ்வெல்லாம் பண்ணல. சீட்டுக்காக நடிச்சோம்"ன்னேன்.

"தெரியும்"னுச்சு. மடிக்கறத நிறுத்தவே இல்ல.

"தெரியுமா?"

"அவன் போன் பண்ணா 'என்னடா எரும'ன்ற. அவன் வர்றான்னா ஒரு நாளாச்சும் தலைய வாரிக்கினியாடி? நானும் இந்த வயசத் தாண்டி வந்தவதானே."

"பின்ன ஏம்மா பூ வரைக்கும் கொண்டாந்து வுட்ட?"

அப்பதான் நிமிந்துச்சு. "எங்கண்ணன் நம்பிக்கினு இருக்காரு. எனக்கு அவருகூடப் பேச ஒரு சாக்கு வேணும்னு ஆறு வருஷமா காத்துக்கினு இருந்தேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. பூவ வச்சிக்கோ, படிப்பு முடியட்டும்னு தள்ளிப் போட்டுக்கினே போயிடலாம். உனக்குப் புண்ணியமாப் போவுது."

ஒரு பொண்ணு வந்து இது பொய்க்காதல்னு வாக்குமூலம் குடுக்கறா, பெத்தவ பொய்ய விட்டுடாதேன்னு கெஞ்சறா. எந்தக் கதையிலடி இப்படி வந்திருக்கு?

சரி, அம்மா விட்டாலும் நான் விடறதில்லன்னு சனிக்கெழம காலையில திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினேன். மாமா கரும்புக் கொல்லையில தண்ணி திருப்பிக்கினு இருந்தாரு. வரப்புல நின்னு மூச்சு விடாம எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவரு மண்வெட்டியக் கீழ வச்சாரு.

"தெரியும் கண்ணு. அவன் மொத நாளே வந்து சொல்லிட்டான். அத்த பொண்ணு சட்டப் பட்டன அறுத்துடுச்சுன்னு காட்டினான்."

மொத நாளே! அந்த எரும மொத நாளே போயி சொல்லியிருக்கு. எங்கிட்ட வந்து, தெம்பு இருந்தா சொல்லுன்னு வசனம் பேசியிருக்கு. அஞ்சு மாசமா எங்கிட்ட மறைச்சிட்டு, நான் சோறு எறங்காம கெடந்தத வேடிக்க பாத்திருக்கு.

"பின்ன ஏன் மாமா நீங்களும் சும்மா இருக்கீங்க?"

"பாப்பா நம்பிக்கினு வந்துக்கினு இருக்குதே." எங்கம்மாவ அவரு இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடுவாரு. "இது பொய்யின்னு தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கினு எங்க ஊட்டுக்கு வரும்? ரோசக்காரி. அப்படியே நின்னுடும். நானா போயி நிக்க எனக்கும் முடியல, பழகிப் போச்சு. நீ உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்காத."

கரும்புக் கொல்லையில தலைய முட்டிக்கணும்னா எதுல முட்டிக்கறது சொல்லுங்க. நடிச்சது நாங்க ரெண்டு பேருன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். எங்கள விட நல்லா நடிச்சது இந்த அண்ணனும் தங்கச்சியும். ரெண்டு பேருக்கும் பொய்யின்னு தெரியும். அடுத்தவங்க நம்பறாங்கன்னு ரெண்டு பேரும் பொத்திப் பொத்தி வச்சிக்கினு இருக்காங்க. நடுவுல பூ வாங்கிக்க வேண்டிய தலை என்னோடது.

மாமா சொன்னத அம்மாகிட்ட சொல்லலாமான்னு பஸ்ஸுல வழி பூரா யோசிச்சேன். சொன்னா, 'நான் வெக்கங்கெட்டுப் போயி வாசல்ல நின்னத அவரு தெரிஞ்சே பாத்துக்கினு இருந்தாரா'ன்னு அம்மா கூனிக் குறுகிடும். ரெண்டு பேரும் ரோசத்துல ஒருத்தருக்கொருத்தர் எளைச்சவங்க இல்ல. வாயத் தொறக்காமலே வீட்டுக்கு வந்து சேந்தேன்.

பூ வைக்கற அன்னிக்கு காலையில பத்து மணிக்கு வேன்ல வந்து எறங்கினாங்க. மாமா, அத்தை, அந்த எரும, மூணு தட்டு. பேனர் கெடையாது, அம்மா கண்டிப்பா சொல்லிடுச்சு. என்னைப் பொடவையக் கட்டி நாற்காலியில உக்கார வச்சாங்க. மாமா பையன் சொவத்த ஒட்டி நின்னு எனக்கு மட்டும் தெரியற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டான், எதையாவது பண்ணுன்னு. மாமா அம்மாவப் பாத்து சிரிச்சாரு. அம்மா மாமாவப் பாத்து சிரிச்சுச்சு. அத்தை மல்லிப்பூச் சரத்த எடுத்துக்கினு என் தலைக்கிட்ட வந்துச்சு. பூ வாசனை மூக்குல ஏறினதுதான் தெரியும்.

"நிறுத்துங்க!"ன்னு எழுந்துட்டேன். "எனக்கும் அவனுக்கும் ஒரு மண்ணும் கெடையாது. இது அம்மாவுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். மாமா நம்பறாருன்னு அம்மா சும்மா இருக்குது, அம்மா நம்புதுன்னு மாமா சும்மா இருக்காரு. பேசணும்னா பேசித் தொலைங்களேன், ஏன் என் தலைய எடுத்துக்கறீங்க?"

அப்பா ஃபேன அண்ணாந்து பாத்தாரு. அத்தை கையில பூவு அப்படியே நிக்குது. அம்மா மூஞ்சி வெளுத்துப் போச்சு.

மாமா எழுந்தாரு. துண்டத் தோள்ல போட்டுக்கினு வாசலப் பாத்து நடந்தாரு.

நான் செத்தேன்னு நெனைச்சேன். அதே துண்டு, அதே முதுகு. அம்மா அன்னிக்கு நின்ன மாதிரியே என் பக்கத்துல நின்னுக்கினு இருந்துச்சு. ஐயோ, என் வாயாலேயே கெடுத்துட்டனேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் அம்மா ஓடிச்சு. நெஜமாவே ஓடிச்சு. பட்டுப் பொடவை தட்டுல பட்டு வாழப்பழமெல்லாம் உருண்டுச்சு. வாசப்படியத் தாண்டி, வேப்பமரத்துக்கிட்ட போயி மாமாவோட மணிக்கட்ட ரெண்டு கையாலயும் புடிச்சுச்சு.

"போவாதண்ணா. அன்னிக்கே நான் எறங்கி ஓடியாந்திருக்கணும். வரல. ஆறு வருஷமா அதேதான் ஓடிக்கினு இருக்குது மனசுல. இன்னிக்கு வுட மாட்டேன்."

மாமா குனிஞ்சு அந்தக் கையப் பாத்தாரு. அப்புறம் தொண்டையக் கனைச்சிக்கினு, "நான் எங்க பாப்பா போறேன்? செருப்பு வெயில்ல கெடக்குதேன்னு நெழல்ல போடலாம்னு வந்தேன்"ன்னாரு.

நான் வாசப்படியில நின்னு பாத்துக்கினு இருந்தேன். செருப்பு வந்தப்பலேருந்து வேப்பமரத்து நெழல்லதான் கெடந்துச்சு. வெயிலு அந்தப் பக்கமே வரல. அம்மாவும் பாத்துச்சு. பாத்துட்டு, ஒரு கையால அவர விடாமப் புடிச்சிக்கினே குனிஞ்சு, அந்தச் செருப்ப எடுத்து இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போட்டுச்சு.

"இனிமே வெயில் படாது. வாண்ணா, சாப்புடலாம்."

மாமா பையன் என் பின்னாடி வந்து நின்னான். "ஏய், செருப்பு நெழல்லதானே கெடந்துச்சு?"ன்னு காதுல கேட்டான்.

"வாய மூடுடா"ன்னேன்.